மூன்றாவது துளை

பெட்டியைப் பிரித்ததும் முதலில் மேசைதான் தோற்றது.
கைப்பிடியை ஒருமுறை இறக்கினேன்,
பலகை முனகியது, சுவரில் காலண்டர் ஆடியது.
கடைக்காரர் ஓர்வல் ஸ்டென்ஸ்ருட்
விலை சொல்வதற்கு முன் கேள்வி கேட்பவர்.
"பிரஸ்ஸை எதன்மேல் நிறுத்தியிருக்கிறாய்?"
பழைய கதவின்மேல் என்றேன்.
சிரிக்கவில்லை.
இரண்டு அங்குலத் தேவதாருப் பலகை, நாலு போல்ட்.
"முதலில் வாங்க வேண்டியது இது, மெரிலி."

கிளெண்டைவில் பிப்ரவரி.
யெல்லோஸ்டோன் ஆறு கல்லாகிக் கிடந்தது.
கராஜில் ஹீட்டர் வைக்க மனமில்லை,
விரல் நுனி வெட்டிய கையுறையோடு உட்கார்ந்தேன்.

பகலில் கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து அளக்கிறேன்,
கன்றுக்கு, குதிரைக்கு,
பந்தை விழுங்கிய லாப்ரடாருக்கு.
இரவில் அளப்பதற்கும் மருந்து என்றே பெயர்.
தராசு முள் நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் அதேதான்.

சுழலும் தட்டுக்கு மேலே ஐந்து துளை.
ஒன்று, சுட்டுக் கழித்த கூட்டை இறுக்கிச் சீராக்கும்.
இரண்டில் புது கேப், மருந்து.
நாலில் குண்டு அமரும்,
ஐந்து அதன் வாயைக் கிள்ளி மூடும்.
மூன்று காலி.
பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவதுபோல
கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

அங்கே குண்டூட்டி வைக்கலாம்.
மேலே மோட்டார், வாளி நிறையக் குண்டு,
கை தொடவே வேண்டாம். நானூற்றைம்பது டாலர்.
அல்லது ஒரு காவல் கம்பி.
கூட்டுக்குள் இறங்கி மருந்தின் மட்டம் பார்க்கும்,
கூடினாலும் குறைந்தாலும் கீச்சென்று கத்தும். எழுபது டாலர்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே துளை.

"உன் கண் போதாதா?" என்றான் லைல்.
போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.
தீவனம் விற்ற காசு கையில் இருந்தது.
குண்டூட்டி வாங்கினேன்.
ஓர்வல் ஒன்றும் சொல்லவில்லை,
பதினெட்டு டாலர் பிளாஸ்டிக் சுத்தி ஒன்றைக்
கணக்கில் சேர்த்தார்.
இது எதற்கு என்றேன்.
"திரும்பிப் போக" என்றார்.

எவ்வளவு வேகம்!
மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம்.
பித்தளை கலகலவென்று தொட்டியில் விழும்.
பக்கத்து வீட்டு கோர்லிஸுக்கும் இருநூறு கொடுத்தேன்.

ஏப்ரல் சனிக்கிழமை, இரும்புத் தட்டுப் போட்டி.
டமார். டமார். டமார்.
பொக்.
இருமல்போல, அவ்வளவுதான்.
கோர்லிஸின் விரல் அடுத்ததற்கு மடங்கப் போய்
எப்படியோ நின்றது.
நடுவர் நிறுத்து என்று கத்தியது அதற்குப் பிறகுதான்.
குழாயின் பாதியில் குண்டு,
தொண்டையில் மீன்முள்.
அதன் பின்னால் இன்னொன்று போயிருந்தால்
என்று யாரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.
கோர்லிஸ் காபி குடித்தாள். எனக்கும் ஊற்றினாள்.
அவள் கை நடுங்கவில்லை.

அன்றிரவு சுத்தியை எடுத்தேன்.
மிச்சம் அறுநூற்றுப் பதினொன்று.
ஒவ்வொன்றாகத் தட்டி,
குண்டு வேறு, மருந்து வேறு, கூடு வேறு.
ஐந்து இரவு.
அறுநூற்றுப் பதினொன்றிலும் மருந்து இருந்தது,
ஒரு மணி குறையாமல்.
ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

குண்டூட்டியை ஓர்வல் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.
இப்போது மூன்றில் கம்பி நிற்கிறது.
குண்டை நானே வைக்கிறேன், விரலால்.
மணிக்கு முந்நூறு வந்தால் அதிகம்.
வளையும் கழுத்து விளக்கு ஒன்று சேர்த்தேன்,
பல் டாக்டரின் கண்ணாடி ஒன்றும்.
அது பட்டியலிலேயே இல்லை, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியது.

தினமும் தொடங்குமுன்
மருந்தில்லாத கூடு ஒன்றை வேண்டுமென்றே அனுப்புகிறேன்.
கம்பி இறங்குகிறது,
வீடே அதிரக் கத்துகிறது.
"என்ன, கெட்டுப்போச்சா?"
சமையலறையிலிருந்து லைல்.
"இல்லை" என்கிறேன்,
அந்தக் கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு.